தெள்ளுப்பூச்சிக்கு மருந்து அடிக்காத வீடு

பூனையை வீட்டை விட்டு அனுப்பிவிடுவது என்று நான் முடிவு செய்தது பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. அந்த நேரத்தில் நான் எடுக்கும் முடிவுகள் தேநீர் வரும்வரை தாங்குவதே அபூர்வம். இது தேநீர் குடித்த பிறகும் தாங்கியது. ஆகவே இது தீவிரமான முடிவு என்று எனக்கே தெரிந்துவிட்டது.

ஆனால் ஜாவாவில் எங்கள் கிளாத்தன் பக்கத்தில் பூனையைத் துரத்துவது விளையாட்டுக் காரியம் அல்ல. லாரி ஓட்டுகிறவன் தெரியாமல் ஒரு பூனைமேல் ஏற்றிவிட்டால்கூட இறங்கி வருவான். போட்டிருக்கிற சட்டையைக் கழற்றி, அதில் சுற்றிப் புதைத்துவிட்டு, வெற்றுடம்போடு வண்டியை ஓட்டிக்கொண்டு போவான். அப்படிப்பட்ட ஊரில், உயிரோடு இருக்கும் பூனையைச் சாக்கில் கட்டிச் சந்தையில் விட்டுவிட்டு வரும் தைரியம் எனக்கு இல்லை. பூனை போக வேண்டும். ஆனால் போகச் சொன்னவன் நானாக இருக்கக் கூடாது. என் மனைவி துகிரா தன் வாயால் சொல்ல வேண்டும். பாவம் முழுவதும் அவள் கணக்கில், லாபம் முழுவதும் என் கணக்கில். திட்டம் அவ்வளவுதான்.

பூனைமேல் எனக்கு என்ன கோபம் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் ஜாவாவில் ஒரு ஆண்மகன் முழு ஆண்மகன் ஆவதற்கு ஐந்து வேண்டும் என்பார்கள். வீடு, மனைவி, குதிரை, கிரிஸ் கத்தி, பறவை. என்னிடம் ஓட்டுவீடு இருந்தது. துகிரா இருந்தாள். குதிரைக்குப் பதில் சைக்கிள். நான் சைக்கிள் பழுது பார்க்கிறவன் என்பதால், ஏறிப் போவது பெரும்பாலும் வேறு யாருடைய சைக்கிளாகவோ இருக்கும். கிரிஸ் கத்தி தாத்தா காலத்தது. அதை உறையிலிருந்து எடுக்கவே பூவும் தூபமும் வேண்டும் என்பது முறை. துகிரா ஒருமுறை அதை எடுத்துப் பலாப்பழம் அறுத்தாள். நன்றாக அறுத்தது என்றும் சொன்னாள்.

மிச்சம் பறவை. அதில்தான் நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை.

என்னிடம் இருந்தது ஒரு பெர்குதுத். கழுத்தில் கோடு கோடாக இருக்கும் சின்னப் புறா. பெயர் கியாயி லாராஸ். கியாயி என்பது பெரியவர்களுக்குச் சொல்லும் மரியாதைச் சொல். அதனால் நான் அவரை 'அவர்' என்றுதான் சொல்வேன். துகிரா 'அது' என்பாள். பெர்குதுத்தை வாங்கினோம் என்று எங்கள் பக்கம் சொல்லக் கூடாது. மஹர் கொடுத்து அழைத்துவந்தோம் என்று சொல்ல வேண்டும். மஹர் என்பது கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது. கியாயிக்கு நான் கொடுத்த மஹர் எவ்வளவு என்று துகிராவிடம் சொன்னதே இல்லை. அவளுக்குக் கொடுத்தது எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் சிரமத்தை அவளுக்குக் கொடுப்பானேன்.

காலையில் கியாயியின் கூண்டைக் கயிறு கட்டி உயரமான மூங்கில் கம்பத்தில் ஏற்றுவேன். வெயில் ஏறியதும் இறக்கி முன்னறையில் மாட்டுவேன். அவர் பாடினால் தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்துவார்கள். நிறுத்தியவர்களில் சிலர் அப்படியே பஞ்சரும் ஒட்டிக்கொண்டு போவார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு மழைக்காலத்தில் பூனை வந்தது. மூன்று நிறம். யாரும் கூப்பிடவில்லை. துகிரா அதற்குத் தெலோன் என்று பெயர் வைத்து, தானாக வந்த பூனையைப் போகச் சொல்வது பாவம் என்றாள். தெலோன் கூண்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருக்கும். பாயாது. கத்தாது. சினிமாக் கொட்டகையில் முதல் வரிசைக்காரன்போல் சும்மா பார்க்கும். கியாயி பாடுவதை நிறுத்திவிட்டார். பஞ்சரும் குறைந்துவிட்டது.

நான் முடிவு எடுத்த அன்றே எனக்கு உதவிக்கு ஆள் வந்தது. தெள்ளுப்பூச்சி.

கடையில் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தேன். துகிரா வந்து, கைலியைக் கணுக்காலுக்குமேல் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றாள். பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவள் என்னை பாக் என்பாள், அப்பா என்று அர்த்தம். நான் அவளை இபு என்பேன், அம்மா. மகள் கல்யாணமாகிச் செமாராங் நகரத்துக்குப் போன பிறகும் அதை நாங்கள் மாற்றிக்கொள்ளவில்லை.

"பாக், இதைப் பாருங்க."

சிவப்புச் சிவப்பாகத் தடிப்புகள்.

"கொசுவா இருக்கும்."

"கொசு இப்படி வரிசையில நின்னா கடிக்கும்? தெள்ளுப்பூச்சி. பாயை உதறினா குதிக்குது. மெத்தையிலயும் இருக்கு."

"எங்கேர்ந்து வந்திருக்கும்?" என்றேன். குரலை வெகு சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

"எங்கேர்ந்து வந்தா என்ன. ஞாயித்துக்கிழமை நம்ம வீட்ல சீட்டு."

எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு குலுக்கல் சீட்டு நடத்தினார்கள். மாதம் ஒரு வீட்டில் கூடுவார்கள். பெயர் எழுதிய காகிதச் சுருள்களைப் பாட்டிலில் போட்டுக் குலுக்கி, யாருடைய சுருள் வெளியே விழுகிறதோ அவருக்குப் பணம். பணம் சாக்குதான். மற்றவர் வீட்டை உட்கார்ந்து பார்ப்பதுதான் விஷயம். அதுவும் தரையில் பாய் விரித்து.

"இபு சாரிக் வராங்க," என்றாள் துகிரா. சாரிக் எங்கள் கிராமச் செயலாளர். அவர் மனைவிதான் இபு சாரிக். அந்தம்மாள் எதையும் வாய் விட்டுச் சொல்ல மாட்டார். பார்த்துவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்து ஊரில் இரண்டு குடும்பம் வீட்டுக்கு வெள்ளையடித்திருக்கிறது. "நம்ம பாய்ல உக்காந்து அவங்க ஒரே ஒரு தடவை சொறிஞ்சாங்கன்னா போதும். அதுக்கப்பறம் நான் எங்க போனாலும் என்னைப் பாத்ததும் எல்லாரும் சொறிவாங்க."

"சீக்கிரம் ஏதாவது செய்யணும்," என்றேன்.

"செய்யத்தான் போறேன். கடையில ஸ்பிரே இருக்கு. மத்தியானம் வாங்கிட்டு வந்து மூலை மூலையா அடிச்சுடறேன்."

இந்த இடத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"இபு, அடிச்சா கியாயி இருக்க மாட்டார்."

"அதுமேலயா அடிக்கப் போறேன்?"

"மேல அடிக்க வேண்டாம். பக்கத்து ரூம்ல அடிச்சாலே போதும். பறவையோட மூச்சு நம்ம மூச்சு மாதிரி இல்லை. காத்துல இருக்கறது அத்தனையும் உள்ள போய்டும். கார்யோ வீட்ல என்ன நடந்தது?"

கார்யோ பக்கத்து வீட்டுக்காரன். கொசுவுக்கு மருந்து அடித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கோயில் நாடகம் பார்க்கப் போனான். திரும்பி வந்தபோது கொசு இருந்தது. புறாக்கள் இரண்டும் இல்லை. இது நான் சோடித்ததல்ல. நடந்தது.

துகிரா யோசித்தாள். "சரி. மெத்தைக்குள்ள அந்துருண்டை போடறேன்."

"அந்த வாசனையே ஆகாது."

"கிராம்புத் தைலம் தண்ணில கலந்து தரையைத் துடைக்கறேன். அது விஷம் இல்லையே."

"நமக்கு இல்லை. அவருக்குக் காரம். நெஞ்சு தாங்காது."

"சாம்பிராணிப் புகை?"

"புகையா," என்றேன். அந்த ஒரு சொல்லிலேயே ஒரு சாவு வீட்டைக் கொண்டுவந்து நிறுத்தினேன். "எந்தப் புகையும் ஆகாது, இபு. பறவைக்குப் புகையைப்போல எமன் கிடையாது."

"எந்தப் புகையுமா?"

"எந்தப் புகையும்."

அவள் என் வலது கையைப் பார்த்தாள். என் விரல்களுக்கு நடுவே கிராம்பு சிகரெட் எரிந்துகொண்டிருந்தது. கிராம்பும் அதில் இருந்தது, புகையும் அதில் இருந்தது.

"அப்போ இது?" என்றாள்.

நான் சிகரெட்டை அணைத்தேன். அன்றைக்குப் பிறகு வீட்டுக்குள் பிடிக்கவில்லை. கடையில் பிடித்தாலும் காற்று வீட்டுப் பக்கம் அடிக்கிறதா என்று துகிரா விரலை ஈரமாக்கிக் காட்டிப் பார்ப்பாள். ஒரு பெரிய காரியத்தில் சில்லறைச் சேதம் இருக்கத்தான் செய்யும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

"மருந்தும் கூடாது, வாசனையும் கூடாது, புகையும் கூடாது," என்றாள். "வேற என்னதான் செய்யறது?"

நான் நெடுநேரம் வானத்தைப் பார்த்தேன். வேண்டாத ஒரு உண்மை எனக்குத் தோன்றிவிட்டதுபோல் பெருமூச்சு விட்டேன்.

"தெள்ளு எதுமேல ஏறி வீட்டுக்குள்ள வருதுன்னு பாக்கணும். அதுதான் வேர்."

அப்போது வேர் வந்து துகிராவின் காலில் உரசிக்கொண்டு நின்றது. காதைச் சொறிந்தது. சாட்சி தானே நடந்து கூண்டில் ஏறியதுபோல் இருந்தது எனக்கு.

"நீங்க சொல்றது புரியுது," என்றாள் துகிரா. "அப்படியா."

நானும் அவளும் முப்பது வருடத்துக்குமேல் ஒன்றாக இருந்தோம். அந்த 'அப்படியா'வை அவள் அடிக்கடி சொல்வாள். மெதுவாக, தலையை ஒரு பக்கம் சாய்த்து. அதை எத்தனையோ தடவை கேட்டும் அதற்கு நான் பயப்படக் கற்றுக்கொள்ளவில்லை. இப்போது கற்றுக்கொண்டுவிட்டேன். சொல்லத்தான் ஆள் இல்லை.

மத்தியானம் அவள் தெலோனை மூடி போட்ட கூடையில் வைத்து என்னுடைய சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போனாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பாவத்தில் எனக்கும் பங்கு வந்துவிடும். கூண்டின் பக்கத்தில் போய், "கியாயி, தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஒன்று பாடுங்கள்," என்றேன். பாடினார். அப்படி ஒரு பாட்டு மாதக்கணக்கில் கேட்டதில்லை.

சாயங்காலம் துகிரா திரும்பி வந்தாள். கூடையும் வந்தது. கூடையைத் திறந்தாள். தெலோனும் வந்தது.

"மாட்டு டாக்டர்கிட்ட போயிருந்தேன்," என்றாள். "நீங்க சொன்னது எல்லாமே சரியாம், பாக். பறவை இருக்கற வீட்ல மருந்தே அடிக்கக் கூடாதாம். உங்க வீட்டுக்காரருக்கு எப்படி இவ்ளோ தெரியும்னு ஆச்சரியப்பட்டார்."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "பூனை?" என்றேன்.

"அதையும் கேட்டேன். பூனையை எங்கயாவது அனுப்பிடலாமான்னு. அய்யோ, அந்தத் தப்பை மட்டும் செஞ்சுடாதீங்கன்னார்."

"ஏன்?"

"தெள்ளு பாதிக்குமேல பாய்லயும் மெத்தையிலயும் தரை இடுக்குலயும்தான் இருக்காம். பூனை இருந்தா பசிக்கு அதுமேல ஏறும். சீப்பு போட்டு வாரி எடுத்துடலாம். பூனை போயிடுச்சுன்னா அத்தனையும் பட்டினி கிடந்து நம்ம மேல ஏறுமாம். இபு சாரிக் மேலயும்." தெலோனின் தலையைத் தடவினாள். "இந்த வீட்ல தெள்ளு போறவரைக்கும் இது இருந்தே ஆகணும்."

நான் சொன்னது எல்லாம் சரியாக இருந்ததுதான் என் துரதிர்ஷ்டம். கொஞ்சம் தப்பாக இருந்திருந்தால் டாக்டர் ஒரு ஸ்பிரேயைக் கொடுத்து அனுப்பியிருப்பார்.

"அப்போ என்ன பண்றது?"

"உழைக்கணுமாம்," என்றாள் துகிரா. இடுப்பிலிருந்து ஒரு பேன் சீப்பை எடுத்து என் முன்னால் வைத்தாள். நெருக்கமான பல். "விஷம் இல்லைன்னா உடம்பு உழைக்கணும்னார். விஷம் வேண்டாம்னது நீங்க. பறவையும் உங்களுது. பலகாரம் நான் பாத்துக்கறேன்."

மறுநாளிலிருந்து என் வேலை தொடங்கியது. காலையில் கியாயியைக் கம்பத்தில் ஏற்றிவிடுவேன். தூசிகூட அவருக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் மேலே இருக்கும்போதே கீழே எல்லாம் முடிய வேண்டும். இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கி வெயிலில் போட்டேன். பாய்களை உதறினேன். துணிமணியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் கிளறினேன். மூங்கில் பெஞ்சை நகர்த்தி, சுவர் ஓரம், நிலைப்படி இடுக்கு, அலமாரிக்கு அடி என்று கூட்டிப் பெருக்கி, வாரிய குப்பையை அப்படியே அடுப்பங்கரைக்குப் பின்னால் சோப்புத் தண்ணீரில் கொட்டினேன். பொழுது சாய்ந்ததும் ஒரு சின்ன பல்பைத் தரையோடு தொங்கவிட்டு அதன் கீழே அகலத் தட்டில் சோப்புத் தண்ணீர் வைத்தேன். வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டுக் குதிக்கும் தெள்ளு அதில் விழுந்து எழுந்திருக்காது.

பிறகு பூனை.

கார்யோ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தான். என்னை அவன் காங், அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவான்.

"காங் விர்யோ, என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியல?"

"தெரியுது. நம்ப முடியல. உங்க வீட்டம்மாவுக்குக்கூட நீங்க தலை வாரி நான் பாத்ததில்லையே."

"அவங்க தலையில தெள்ளு இல்லையே," என்றேன்.

"இதை அவங்ககிட்ட சொல்லலாமா?"

"வேண்டாம்."

முற்றத்தில் உட்கார்ந்து தெலோனை மடியில் போட்டு, கழுத்திலிருந்து வால்வரை வாருவேன். சீப்பை ஒவ்வொரு முறையும் சோப்புத் தண்ணீரில் முக்குவேன். முதல் நாள் என் முழங்கையில் பிறாண்டியது. அடுத்த நாள் பொறுத்துக்கொண்டது. அதற்கு அடுத்த நாள் நான் சீப்பை எடுத்ததும் தானாக வந்து மல்லாந்து படுத்துக்கொண்டது. வார ஆரம்பித்தால் உள்ளே ஒரு சின்ன மோட்டார் ஓடும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் எங்கே போனாலும் அது பின்னாலேயே வர ஆரம்பித்தது. கியாயியின் கம்பத்தடிக்கும் வந்தது. முன்பு துகிராவின் பூனையாக இருந்தபோது தன் இஷ்டத்துக்கு வந்து மேலே பார்த்தது. இப்போது என் பூனை. தினமும் தவறாமல் வந்தது. கியாயி மறுபடியும் வாயை மூடிக்கொண்டார்.

என் முதுகு பிடித்துக்கொண்டது. துகிரா இஞ்சித் தைலம் தேய்த்துவிட்டாள். கியாயி கம்பத்தின் மேல் இருந்ததால் அதற்கு மட்டும் அனுமதி.

"பாவம் நீங்க," என்றாள். "ஒண்ணு சொல்லட்டுமா? லாராஸை ரெண்டே நாள் கார்யோ வீட்ல வைங்க. நான் ஸ்பிரே அடிச்சு, ஜன்னலைத் திறந்து, எல்லாத்தையும் கழுவி விட்டுடறேன். உங்களுக்கும் கஷ்டம் இல்லை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கார்யோ என் பறவையைப் பார்க்கும் பார்வை எனக்குத் தெரியும். தெலோன் பார்ப்பதைவிட மோசமான பார்வை. ஒருமுறை கியாயி அவன் வீட்டுக்குள் போனால், இங்கே இது நன்றாக இருக்கிறது, அங்கே சரியாகச் சாப்பிட்டதா என்று ஏதாவது சொல்லி நிறுத்திக்கொள்வான். அதை மனைவியிடம் சொல்ல முடியாது. அவள் கார்யோவின் மனைவியிடம் சொல்லிவிடுவாள். ஆகவே அந்த நிமிடத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அது முடியாது, இபு. இது அதிர்ஷ்டப் பறவை. கழுத்துக் கோட்டைப் பாத்தாலே தெரியும். இப்படிப்பட்டது வேற ஒரு கூரைக்குக் கீழ தங்கினா, அதிர்ஷ்டம் அந்த வீட்டுக்குப் போயிடும்."

முதுகில் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"எந்தக் கூரையா இருந்தாலுமா?"

"எந்தக் கூரையா இருந்தாலும்."

"போன உடனேயே?"

"உடனேயே சொல்ல முடியாது. ஒரு வாரம் தங்கினா நிச்சயம்," என்றேன். பொய்யைக் கொஞ்சம் அளவோடு வைத்தால்தான் நம்புவார்கள்.

"அப்படியா," என்றாள் துகிரா.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீடு அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. தரை பளபளத்தது. தட்டில் கடைசியாக விழுந்த தெள்ளை நான் தனியாக நின்று பார்த்து அனுப்பி வைத்திருந்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பெண்கள் வந்தார்கள். பாயில் உட்கார்ந்தார்கள். வாழையிலையில் சுற்றிய லெம்பெர் சோற்றுருண்டையும் சர்க்கரை தூக்கலான தேநீரும் போயின. நான் பின்கட்டு வாசலில் நின்று இபு சாரிக்கின் கணுக்காலையே கவனித்துக்கொண்டிருந்தேன். வேறு எந்த நோக்கமும் இல்லை. அந்தம்மாள் சொறியவில்லை. ஒரு முறைகூட.

சரி, திட்டம் தோற்றது, தெள்ளும் போயிற்று, பூனையும் இருக்கிறது, இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்போது இபு சாரிக் தலையை உயர்த்திக் கூண்டைப் பார்த்தார். சிரித்தார்.

"இதுதானா அது?" என்றார்.

"இதுதான்," என்றாள் துகிரா, கோப்பைகளைத் துடைத்துக்கொண்டே.

"பாக் விர்யோ, ஒரு வார்த்தை," என்றார் இபு சாரிக். நான் குனிந்துகொண்டே முன்னால் வந்தேன். "கேள்விப்பட்டேன். கேக்கவே கூச்சமா இருக்கு. என் பொண்ணுக்கு வரன் தட்டிக்கிட்டே போகுது. எங்க கூரைக்குக் கீழயும் இவர் ஒரு வாரம் தங்கினார்னா..."

'இவர்' என்றார். என் வீட்டில் என்னைத் தவிர வேறு ஒருவர் கியாயியை அப்படிச் சொன்னது அதுவே முதல் முறை. நான் உருகிவிட்டேன். உருகியது தப்பு.

"எங்க கோழி முட்டையே வைக்கல," என்றாள் ஒருத்தி.

"எங்க வீட்டுக்காரருக்கு மாற்றல் வரணும்," என்றாள் இன்னொருத்தி.

"எங்க மருமக வாயை மூடணும்," என்றாள் மூன்றாவது. மருமகளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அவளும் தலையாட்டினாள். அவளுக்கும் அதே வேண்டுதல் மாமியாரைப் பற்றி இருந்திருக்கும்.

நான் துகிராவைப் பார்த்தேன்.

"எனக்கு என்ன தெரியும்," என்றாள் அவள். "பறவை அவரோடது. அவரையே கேளுங்க."

எங்கள் ஊரில் வந்த விருந்தாளிக்கு, அதுவும் பாயில் உட்கார்ந்து நம் வீட்டு லெம்பெரைத் தின்றுகொண்டிருக்கும் விருந்தாளிக்கு, முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக் கூடாது. நாய் கடித்தால்கூட, உங்கள் நாய்க்கு நல்ல பல் என்றுதான் சொல்ல வேண்டும். முடியாது என்பதைச் சுற்றி வளைத்து, கேட்டவரே வேண்டாம் என்று சொல்லும்படி சொல்ல வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு எண்ணம்.

"அதுக்கென்ன, தாராளமா," என்றேன். "ஒரு சின்னச் சங்கடம்தான். கியாயி என் கையால வச்சாத்தான் சாப்பிடுவார். தினையும் கவுனி அரிசியும் நானே கலந்து வைக்கணும். காலையில நான் கம்பத்துல ஏத்தணும். பொழுது சாயும்போது நான்தான் இறக்கித் துணி மூடணும். வேற ஆள் தொட்டா பாட மாட்டார். பாடலன்னா அதிர்ஷ்டமும் வராது. உங்களுக்குத்தான் வீண் தொந்தரவு."

ஒரு பறவைக்காக ஒரு கிழவனையும் சேர்த்து வீட்டில் வைத்துக்கொள்ள யார் சம்மதிப்பார்கள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

"அவ்வளவுதானே," என்றார் இபு சாரிக். "எங்க முன்கூடத்துல பெரிய பெஞ்சு சும்மாத்தான் கிடக்கு. நீங்க வந்து தங்கினா எங்களுக்குப் பெருமை. எங்க வீட்டுக்காரரும் சதுரங்கம் ஆட ஆள் இல்லாம இருக்கார்."

"எங்க வீட்லயும் இடம் இருக்கு," என்றாள் கோழிக்காரி.

"எங்க வீட்ல கொசுவலைகூட இருக்கு," என்றாள் மாமியார்.

"யார் முதல்லன்னு சண்டை எதுக்கு," என்றாள் துகிரா. "பாட்டில் இருக்கே. அதுலயே குலுக்கிடலாம்."

குலுக்கினார்கள். முதல் சுருள் இபு சாரிக்குக்கு விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அதிர்ஷ்டம் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்றார்கள்.

அன்று மாலையே புறப்பட வேண்டியதாயிற்று. சாரிக் வீட்டிலிருந்து ஆள் வந்து கம்பத்தைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போனான். நான் கூண்டைத் துணியால் மூடிக்கொண்டு வாசலில் நின்றேன். துகிரா என் போர்வை, தினை டப்பா, மாற்றுக் கைலி எல்லாம் மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்தாள். இடுப்பில் தெலோன் இருந்தது.

"கூரை விஷயத்தை யார்கிட்ட சொன்னே?" என்றேன்.

"யார்கிட்டயும் சொல்லல. இபு சாரிக்கிட்ட மட்டும்தான், ரகசியம்னு சொல்லித்தான் சொன்னேன்."

"இபு, நான் வீட்டை விட்டுப் போறேன்."

"ஊரை விட்டாப் போறீங்க? நாலு வீடு தள்ளி. மத்தியானம் சாப்பாட்டுக்கு வாங்க. கடையும் இங்கதானே இருக்கு." தெலோனை இறக்கிவிடாமல் மூட்டையை என் தோளில் மாட்டினாள். "பூனை இருக்கற வீட்ல லாராஸ் பாடாதுன்னு எத்தனை நாள் மனசுக்குள்ள வச்சிருந்தீங்க? வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். இபு சாரிக் வீட்ல பூனையே கிடையாது."

கூண்டுக்குள் கியாயி துணிக்கு அடியில் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். அவருக்கு இப்போதே உற்சாகம் வந்துவிட்டதுபோல் இருந்தது.

"அப்போ சுத்து முழுக்க முடிஞ்சுதான் திரும்பி வரணுமா?"

"ஒரு வீட்டுக்குப் போய்ட்டு இன்னொரு வீட்டுக்குப் போகலன்னா நல்லாவா இருக்கும்?"

"சரி," என்றேன். "நடுவுல நம்ம வீட்டுச் சுருள் விழுந்தா அந்த வாரம் நான் இங்கதான் தங்குவேன். இப்பவே சொல்லிட்டேன்."

"நம்ம சுருளைப் பாட்டில்லயே போடல, பாக்," என்றாள் துகிரா. "வீட்டுக்காரங்க கடைசியா எடுத்துக்கறதுதானே மரியாதை."